ஃபிஃப்டீனா, ஃபிஃப்டியா? ஆங்கில எண்சொற்கள் காலை வாரும் இடங்கள்

1989 பிப்ரவரி 19, காலை நேரம். சிங்கப்பூரிலிருந்து கிளம்பிய ஒரு போயிங் 747 சரக்கு விமானம், கோலாலம்பூரின் சுபாங் விமான நிலையத்தை நெருங்கிக்கொண்டிருந்தது. ஃப்ளையிங் டைகர் நிறுவனத்தின் 66-ம் எண் விமானம் அது. எந்த உயரத்துக்கு இறங்கலாம் என்று கட்டுப்பாட்டு அறையிலிருந்து தகவல் வந்தது: "டிசென்ட் டூ ஃபோர் ஜீரோ ஜீரோ." அதாவது, 2,400 அடிக்கு இறங்குங்கள்.

ஆங்கிலத்தில் இரண்டைக் குறிக்கும் 'டூ'வும், நம்முடைய 'க்கு' என்ற உருபின் வேலையைச் செய்யும் 'டு'வும் காதுக்குக் கிட்டத்தட்ட ஒன்றுதான். விமானி காதில் விழுந்தது இரண்டாவது. 'ஃபோர் ஜீரோ ஜீரோவுக்கு இறங்கு' என்று புரிந்துகொண்டு, "ஓகே, ஃபோர் ஜீரோ ஜீரோ" என்று பதில் சொன்னார். 2,400 அடி 400 அடியாகிவிட்டது. அந்தப் பதிலில் ஒரு 'டூ' குறைகிறதே என்று யாரும் திருத்தவில்லை. தரை நெருங்குகிறது என்று விமானத்தின் எச்சரிக்கைக் கருவி கத்தியும் பயனில்லை. விமானம் குன்றின் மீது மோதியது. உள்ளே இருந்த 4 பேரும் இறந்துபோனார்கள்.

அன்றைக்கு நடந்த தவறுகள் அது ஒன்று மட்டுமல்ல. ஆனால் தொடக்கம் ஓர் எண்சொல்லில். 'டூ தவுசண்ட் ஃபோர் ஹண்ட்ரட் ஃபீட்' என்று முழுசாகச் சொல்லியிருந்தால் குழப்பத்துக்கே இடமிருந்திருக்காது.

எண் என்றால் துல்லியம் என்று நினைக்கிறோம். 2,400 என்று எழுதினால் உலகம் முழுக்க அது 2,400தான். ஆனால் அதையே ஆங்கிலத்தில் வாயால் சொல்லும்போதோ, எழுத்தில் எழுதும்போதோ கதை வேறு. சொல்கிறவர் எந்த ஊர், கேட்கிறவர் எந்த ஊர், என்ன சந்தர்ப்பம் என்பதைப் பொறுத்து அர்த்தம் நழுவும். நாமும் தினமும் போனில், வங்கியில், செய்தியில் இந்தச் சொற்களோடு மல்லுக்கட்டிக்கொண்டுதான் இருக்கிறோம்.

விமானிகள் 'நைன்' சொல்வதில்லை

விமானப் போக்குவரத்துக்காரர்களுக்கு இந்த ஆபத்து நன்றாகவே தெரியும். அதனால்தான் சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு எண்களுக்குத் தனி உச்சரிப்பே வைத்திருக்கிறது. ஒன்பது என்பது 'நைன்' அல்ல, 'நைனர்'. மூன்று 'ட்ரீ'. ஐந்து 'ஃபைஃப்'. ஆயிரம் 'டவுசண்ட்'. கேட்டால் யாரோ ஆங்கிலம் சரியாக வராதவர் பேசுவது மாதிரி இருக்கும். ஆனால் காரணத்தோடுதான் இப்படி. ரேடியோ இரைச்சலில் 'ஃபைவ்', 'நைன்' இரண்டுக்கும் நடுவில் இருக்கும் 'ஐ' ஓசை மட்டும்தான் காதில் நிற்கும். போதாததற்கு ஜெர்மன் மொழியில் 'நைன்' என்றால் 'இல்லை'.

நம் காதுக்கு வரும் பெரிய சிக்கல் வேறு. 13-ஆ, 30-ஆ? 15-ஆ, 50-ஆ? கஸ்டமர் கேர் அழைப்பில், ஏலத்தில், மருந்துக் கடையில் எல்லாருக்கும் நடந்திருக்கும். "ஃபிஃப்டீனா சார், ஃபிஃப்டியா?" என்று கேட்டு, "ஒன் ஃபைவ், ஒன் ஃபைவ்" என்று பதில் வாங்கிய பிறகுதான் நிம்மதி.

பள்ளியில் ஒரு சூத்திரம் சொல்லித் தருவார்கள். 'டீன்' என்று முடிந்தால் கடைசிப் பகுதியில் அழுத்தம், 'டி' என்று முடிந்தால் முதல் பகுதியில் அழுத்தம் என்று. சூத்திரம் சரிதான், ஆனால் பாதி நேரம்தான் வேலை செய்யும். 'ஃபிஃப்டீன்' என்று தனியாகச் சொன்னால் அழுத்தம் பின்னால் விழும். அதுவே 'ஃபிஃப்டீன் மினிட்ஸ்', 'ஃபிஃப்டீன் ருபீஸ்' என்று பின்னால் ஒரு சொல் ஒட்டிக்கொண்டால், ஆங்கிலம் பேசிப் பழகியவர்கள் அழுத்தத்தை முன்னால் தள்ளிவிடுவார்கள். அப்போது அது 'ஃபிஃப்டி மினிட்ஸ்' மாதிரியே கேட்கும். வாழ்க்கையில் எண்ணைத் தனியாகச் சொல்வது அபூர்வம்; நிமிடம், ரூபாய், கிலோ என்று ஏதாவது ஒன்று கூடவே வரும். அதாவது, சூத்திரம் எங்கே தேவையோ அங்கேதான் கைவிடுகிறது.

அதைவிட நம்பகமானது கடைசி 'ன்'. இன்னொரு துப்பும் உண்டு: அமெரிக்கர்கள் 'தர்ட்டி', 'ஃபார்ட்டி' சொல்லும்போது நடுவில் இருக்கும் 'ட்' மெலிந்து, ஏறக்குறைய 'ர'வைப் போல உருண்டு ஓடும். 'தர்ட்டீன்', 'ஃபோர்ட்டீன்' சொல்லும்போது அந்த 'ட்' கெட்டியாக நிற்கும். இதுவும் பிடிபடவில்லை என்றால் 'ஒன் ஃபைவா, ஃபைவ் ஜீரோவா' என்று கேட்டுவிடுவதே மேல். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, விமானிகளும் எண்களை ஒவ்வொரு இலக்கமாகத்தான் சொல்கிறார்கள்.

செக்கில் ஜெயிப்பது சொல்லா, எண்ணா?

காதில்தான் குழப்பம், எழுதிவிட்டால் பிரச்சினை தீர்ந்தது என்று நினைத்தால் அதுவும் இல்லை. ஒரு செக்கில் எண்ணால் 50,000 என்றும், எழுத்தால் 'ஃபிஃப்டீன் தவுசண்ட்' என்றும் இருக்கிறது. எது செல்லும்?

எழுத்துதான். செக் பவுன்ஸ் வழக்குகளுக்குப் பெயர்போன 138-வது பிரிவு இருக்கிறதே, அதே 1881-ம் ஆண்டு நெகோஷியபிள் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் சட்டத்தின் 18-வது பிரிவு இதைச் சொல்கிறது: எண்ணிலும் எழுத்திலும் தொகை மாறுபட்டால், எழுத்தில் இருக்கும் தொகையே கணக்கு. காரணம் எளிது. எண்ணில் ஒரு பூஜ்ஜியத்தைச் சேர்ப்பது சுலபம், சொல்லை மாற்றுவது கஷ்டம். நடைமுறையில் இப்படிப்பட்ட செக்கை வங்கிகள் 'தொகை மாறுபடுகிறது' என்று திருப்பி அனுப்பிவிடுவதுதான் வழக்கம்.

சொல்லை மாற்றுவது கஷ்டம் என்றாலும் முடியாதது அல்ல. 'சிக்ஸ்', 'செவன்', 'எய்ட்' இந்த மூன்றும் ஆபத்தான சொற்கள். 'சிக்ஸ்' எழுதிவிட்டு இடம் விட்டால், அதில் இரண்டு எழுத்தைச் சேர்த்து 'சிக்ஸ்டி' ஆக்கலாம். 'எய்ட்' இன்னும் மோசம், ஒரே ஓர் எழுத்து போதும், 'எய்ட்டி' ஆகிவிடும். 8,000 ரூபாய் 80,000 ஆவதற்கு ஒரு 'ஒய்' மட்டும்தான் தூரம். சொற்களை நெருக்கி எழுதுங்கள், கோட்டின் இடது ஓரத்திலிருந்து தொடங்குங்கள், முடிவில் 'ஒன்லி' போடுங்கள் என்று சொல்வதெல்லாம் இதற்காகத்தான்.

இதோடு ஒரு எழுத்துப்பிழையும் சேர்த்துக்கொள்ளலாம். நான்கு 'ஃபோர்', பதினான்கு 'ஃபோர்ட்டீன்', இரண்டிலும் 'யு' என்ற எழுத்து உண்டு. நாற்பதில் மட்டும் கிடையாது. ஏன் என்று கேட்டால் தர்க்கமான பதில் எதுவும் இல்லை. செக் எழுதும்போது கை தானாக 'யு'வைச் சேர்த்துவிடும்.

'ஒன்டீன்' ஏன் இல்லை?

குழந்தைகள் ஒருநாள் இந்தக் கேள்வியைக் கேட்டே தீருவார்கள். தர்ட்டீன், ஃபோர்ட்டீன், ஃபிஃப்டீன் என்று வரிசையாகப் போகிறது. 'டீன்' என்பது 'டென்', அதாவது பத்து. மூணும் பத்தும் பதிமூணு. சரி, அப்புறம் 11, 12 மட்டும் ஏன் 'லெவன்', 'ட்வெல்வ்'?

பழைய ஆங்கிலத்தில் 'லெவன்' என்ற சொல்லின் மூல அர்த்தம் 'ஒன்று மிச்சம்'. 'ட்வெல்வ்' என்றால் 'இரண்டு மிச்சம்'. பத்து விரலையும் எண்ணி முடித்த பிறகு கையில் எவ்வளவு மீதி என்பதுதான் பெயராகிவிட்டது. அந்த வகையில் தமிழ்ப் பிள்ளைகளுக்கு 11 சுலபம், பத்தும் ஒன்றும் சேர்ந்தால் பதினொன்று. ஆனால் ஆங்கிலத்தைப் பார்த்து ரொம்பவும் சிரிக்க முடியாது. எண்பதுக்கு அடுத்து ஒன்பதைக் காணாமல் 'தொண்ணூறு' வருவதும், எண்ணூறுக்கு அடுத்து 'தொள்ளாயிரம்' வந்து நிற்பதும் நம் கணக்கில்தானே.

'ஃபர்ஸ்ட்', 'செகண்ட்' விஷயத்திலும் இரண்டு மொழிக்கும் ஒற்றுமை உண்டு. 'தேர்ட்', 'ஃபோர்த்' எல்லாம் எண்ணிலிருந்து பிறந்தவை. 'ஃபர்ஸ்ட்' மட்டும் 'ஒன்'னிலிருந்து வரவில்லை. 'எல்லாருக்கும் முன்னால் இருப்பது' என்று பொருள். 'செகண்ட்' லத்தீனிலிருந்து வந்தது, 'பின்தொடர்வது' என்று அர்த்தம். தமிழிலும் இரண்டாவது, மூன்றாவது என்று சொல்கிறோம், 'ஒன்றாவது' என்று சொல்வது அரிது. 'முதல்' வந்து உட்கார்ந்துகொள்கிறது.

'ஹண்ட்ரட்' கதைதான் கொஞ்சம் அதிர்ச்சி. இன்றைக்கு அது நூறு. ஆனால் அதன் உறவுச் சொல், பழைய ஸ்காண்டிநேவிய மொழியில் 120-ஐக் குறித்தது. இங்கிலாந்துச் சந்தைகளிலும் சில சரக்குகளுக்கு 'ஹண்ட்ரட்' என்றால் 120 என்ற வழக்கம் நெடுங்காலம் இருந்திருக்கிறது. எடை அளவான 'ஹண்ட்ரட்வெயிட்' இன்றும் பிரிட்டனில் 112 பவுண்ட், அமெரிக்காவில் 100 பவுண்ட். பெயரிலேயே நூறு இருந்தும் நூறாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை.

ஒரே 'பில்லியன்', இரண்டு கணக்கு

இருப்பதிலேயே அதிகப் பணம் புழங்கும் குழப்பம் இதுதான். பிரிட்டனில் ஒரு காலத்தில் 'பில்லியன்' என்றால் மில்லியன் மில்லியன். அதாவது ஒன்றுக்குப் பின்னால் 12 பூஜ்ஜியங்கள். அமெரிக்காவில் அதே சொல்லுக்கு ஆயிரம் மில்லியன், 9 பூஜ்ஜியங்கள். இரண்டுக்கும் நடுவில் ஆயிரம் மடங்கு வித்தியாசம். ஒரே மொழி, ஒரே எழுத்துகள்.

1974 டிசம்பரில்தான் இதற்கு முடிவு வந்தது. அமைச்சர்கள் 'பில்லியன்' என்று சொல்லும்போது பழைய பிரிட்டிஷ் அர்த்தத்தையே பயன்படுத்துவார்களா என்று நாடாளுமன்றத்தில் எழுப்பப்பட்ட கேள்விக்கு, மாட்டார்கள் என்று பதில் அளித்தார் பிரதமர் ஹரால்டு வில்சன். உலகம் முழுக்க அது ஆயிரம் மில்லியனாகிவிட்டது, பிரிட்டன் மட்டும் வேறு அர்த்தத்தில் சொன்னால் குழப்பம்தான் என்பது அவர் சொன்ன காரணம். அதற்கு முன் அச்சான பிரிட்டிஷ் புத்தகங்களில் 'பில்லியன்' என்று கண்டால் இன்றும் ஒருமுறை நின்று யோசிக்க வேண்டியிருக்கிறது.

ஆங்கிலம் மாறிவிட்டது, பக்கத்து மொழிகள் மாறவில்லை. ஜெர்மன், பிரெஞ்சு, ஸ்பானிஷ் மொழிகளில் இதே மாதிரி ஒலிக்கும் சொல்லுக்கு இன்றும் 12 பூஜ்ஜியங்கள்தான். ஜெர்மன் செய்தியில் 'பில்லியோன்' என்று இருப்பது ஆங்கிலத்தின் 'ட்ரில்லியன்'. அவர்களுடைய 'மில்லியார்ட'தான் ஆங்கிலத்தின் 'பில்லியன்'. ஒலியை நம்பி மொழிபெயர்த்தால் ஒரு நாட்டின் பட்ஜெட்டே ஆயிரம் மடங்கு வீங்கிவிடும்.

நமக்கோ இன்னொரு அடுக்கு கூடுதல். இந்திய ஆங்கிலத்தில் 'லேக்', 'குரோர்' உண்டு. ஆக்ஸ்ஃபோர்டு அகராதியிலும் இருக்கின்றன. கமா போடும் இடமே வேறு. நாம் 1,00,00,000 என்று எழுதுவதை அவர்கள் 10,000,000 என்று எழுதுவார்கள். கோடி நமக்கு ஒரே சொல், அவர்களுக்கு 'டென் மில்லியன்'.

மனக்கணக்குக்கு மூன்று விஷயம் போதும். மில்லியனைப் பத்தால் பெருக்கினால் லட்சம். 2.5 மில்லியன் என்றால் 25 லட்சம். பில்லியனை நூறால் பெருக்கினால் கோடி. 3.7 பில்லியன் என்றால் 370 கோடி. ட்ரில்லியனில் பெருக்கவே வேண்டாம், ஒரு ட்ரில்லியன் ஒரு லட்சம் கோடி. 2022 நவம்பர் 15 அன்று உலக மக்கள்தொகை 8 பில்லியனைத் தொட்டதாக ஐ.நா. அறிவித்ததே, அது 800 கோடி. ஃபார்வேர்டு மெசேஜ்களில் '8 கோடி', '80 கோடி' என்றெல்லாம் சுற்றும் பல எண்கள் இந்த ஒரு பெருக்கலில் வழுக்கி விழுந்தவைதான்.

மில்லியனும் பில்லியனும் பெயரில் ஒரே ஓர் எழுத்தில்தான் மாறுகின்றன. அதனாலோ என்னவோ, அடுத்தடுத்த வீடு மாதிரி ஓர் எண்ணம் வந்துவிடுகிறது. நொடியில் கணக்குப் போட்டால் தெரியும்: ஒரு மில்லியன் நொடி என்பது பதினொன்றரை நாள். ஒரு பில்லியன் நொடி கிட்டத்தட்ட 32 வருஷம். பத்தாம் வகுப்பு படிக்கும் பிள்ளை பிறந்து இன்னும் ஒரு பில்லியன் நொடி ஆகவில்லை, பாதிதான் ஆகியிருக்கிறது.

தோராயமாகச் சொல்ல ஒரு டஜன் சொற்கள்

எண்ணாகத் தெரிந்தாலும் எண்ணாக நடந்துகொள்ளாத சொற்களும் இருக்கின்றன. 'கப்புள்' என்றால் இரண்டு. ஆனால் "கப்புள் ஆஃப் டேஸ்ல முடிச்சிடுறேன்" என்று ஆபீஸில் ஒருவர் சொன்னால், சரியாக இரண்டாம் நாள் போய் நிற்கக் கூடாது. நாம் "ரெண்டு மூணு நாள்ல" என்று சொல்வதற்கும் அதற்கும் பெரிய வித்தியாசமில்லை. 'டஜன்' கடையில் 12, பேச்சில் 'நிறைய'. 'டெசிமேட்' ரோமானிய ராணுவத்தில் பத்தில் ஒருவரைக் கொல்லும் தண்டனை. இன்றைய செய்திகளில் அது ஏறக்குறைய மொத்த அழிவு.

'ஸ்கோர்' என்ற சொல்லுக்கு 20 என்றும் பொருள் உண்டு. எண்ணும்போது குச்சியில் போடும் கீறலுக்குத்தான் அந்தப் பெயர்; இருபதுக்கு ஒரு கீறல். ஆபிரகாம் லிங்கன் 1863-ல் கெட்டிஸ்பர்க்கில் பேசத் தொடங்கியபோது 87 ஆண்டுகளை, நான்கு இருபதும் ஏழும் என்று இந்தக் கணக்கில்தான் சொன்னார். கழித்துப் பார்த்தால் 1776 வரும், அமெரிக்கா சுதந்திரம் அறிவித்த ஆண்டு. கிரிக்கெட்டிலும் ஆரம்ப காலத்தில் ரன்களைக் குச்சியில் வெட்டித்தான் குறித்தார்கள். இன்றைக்கு "ஸ்கோர் என்ன?" என்று கேட்பது அந்தக் கீறலைத்தான்.

'ஃபோர்ட்நைட்' என்றால் பதினான்கு இரவுகள், இரண்டு வாரம். பிரிட்டனிலும் இந்தியாவிலும் சாதாரணச் சொல். அமெரிக்கரிடம் சொன்னால் பெரும்பாலும் ஒரு வீடியோ கேம்தான் நினைவுக்கு வரும். 'பை-வீக்லி' இன்னும் வம்பு. வாரத்துக்கு இரண்டு முறையா, இரண்டு வாரத்துக்கு ஒரு முறையா? அகராதிகள் இரண்டு அர்த்தத்தையும் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்கின்றன. தமிழ்நாட்டில் மின் கட்டணம் 'பை-மன்த்லி' என்றால் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை என்று நமக்குத் தெரியும், கட்டிக் கட்டிப் பழகிவிட்டது. புதிதாக வேலைக்குச் சேர்கிற இடத்தில் சம்பளம் 'பை-மன்த்லி' என்று போட்டிருந்தால் கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுவது நல்லது.

நேரம் சொல்வதிலும் இதே கூத்து உண்டு. பிரிட்டனில் 'ஹாஃப் டூ' என்றால் இரண்டரை மணி. ஜெர்மன்காரர் தன் மொழிப் பழக்கத்தில் கேட்டால் அது ஒன்றரை மணி, இரண்டை நோக்கிப் பாதி வழி. ஒரு மணி நேரம் முன்னால் வந்து உட்கார்ந்திருப்பார், பாவம்.

பூஜ்ஜியத்துக்கு எத்தனை பெயர்?

'ஜீரோ'வின் பூர்வீகம் நம் பக்கம்தான். சமஸ்கிருத 'சூன்ய'த்தை அரபு அறிஞர்கள் 'ஸிஃப்ர்' என்று மொழிபெயர்த்தார்கள். அது லத்தீன், இத்தாலி வழியாகச் சுற்றி 'ஜீரோ' ஆனது. 'சைஃபர்' என்ற சொல்லும் அதே அரபுச் சொல்லின் பிள்ளைதான். ஆனால் ஆங்கிலத்தில் 'ஜீரோ' எல்லா இடத்திலும் செல்லாது. கால்பந்தில் 'நில்'. டென்னிஸில் 'லவ்'. கிரிக்கெட்டில் அவுட்டானவருக்கு 'டக்'; ஸ்கோர் போர்டில் பூஜ்ஜியம் வாத்து முட்டை மாதிரி இருந்ததால் வந்த பெயர். போன் நம்பரில் 'ஓ'. ஜேம்ஸ் பாண்டை யாரும் 'ஜீரோ ஜீரோ செவன்' என்று கூப்பிடுவதில்லை.

போன் நம்பர் என்றதும் 'டபுள்', 'டிரிபிள்' வந்துவிடும். 'நைன் டபுள் ஃபோர்' என்பது இங்கேயும் பிரிட்டனிலும் இயல்பு. அமெரிக்காவில் ஒவ்வொன்றாக 'ஃபோர் ஃபோர்' என்பார்கள். அமெரிக்க வாடிக்கையாளருக்கு 'டிரிபிள் சிக்ஸ்' என்று சொன்னால் ஒரு நொடி மௌனம் வரும்.

அமெரிக்காவின் அவசர உதவி எண் 911. அதை 'நைன் ஒன் ஒன்' என்றுதான் சொல்ல வேண்டும். பதற்றத்தில் இருக்கும் ஒருவர், அதிலும் ஒரு குழந்தை, 'நைன் லெவன்' என்று கேட்டுவிட்டுப் போனில் 11 என்ற பட்டனைத் தேடக் கூடாது என்பதற்காக இப்படி வலியுறுத்தினார்கள். 2001 செப்டம்பர் 11-க்குப் பிறகு 'நைன் லெவன்' என்பது அந்த நாளின் பெயராகிவிட்டது. அதே மூன்று இலக்கங்கள்தான்; ஒரு மாதிரி வாசித்தால் உதவிக்கு ஆள் வரும், இன்னொரு மாதிரி வாசித்தால் இரட்டைக் கோபுரம் நினைவுக்கு வரும்.

நம்மூர் 'ஃபோர் ட்வென்டி'யும் இப்படித்தான். மோசடிக்கான இந்திய தண்டனைச் சட்டத்தின் 420-வது பிரிவிலிருந்து வந்த வசவு. அமெரிக்காவில் அதே சொல் கஞ்சாவைக் குறிக்கும். 2024 ஜூலை 1 முதல் இங்கே புதிய சட்டம் அமலுக்கு வந்து, மோசடி 318-வது பிரிவுக்குப் போய்விட்டது. இதுவரை யாரும் யாரையும் 'த்ரீ எய்ட்டீன்' என்று திட்டியதாகத் தெரியவில்லை.